எம்.எல்.ஏ. தேர்தலில் நிற்கும் தங்கச்சிக்கு: முதலில் பத்துப் பேர்

அம்மிணி, சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கலாமா என்று கேட்டாய். தாராளமாக நில். 'பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்தச் சோலி' என்று ஒரம்பரை முழுக்கச் சொல்லும். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வராது. 2021-ல் நம் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 234 பேரில் பெண்கள் வெறும் 12 பேர். மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீட்டுக்கு 2023-லேயே சட்டம் நிறைவேறிவிட்டது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்தபிறகுதான் அது நடைமுறைக்கு வரும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அதுவரை நீ காத்திருக்க வேண்டியதில்லை.

25 வயது முடிந்திருக்க வேண்டும், இந்தியக் குடிமகளாக இருக்க வேண்டும், தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். அடிப்படைத் தகுதி இவ்வளவுதான். அரசு வேலையில் இருந்துகொண்டு நிற்க முடியாது. உன் பெயரில் மாநில அரசோடு சப்ளை ஒப்பந்தமோ, கட்டுமான ஒப்பந்தமோ நடப்பில் இருந்தாலும் நிற்க முடியாது. பள்ளிச் சீருடைத் துணி மாதிரி ஏதாவது எடுத்துச் செய்துகொண்டிருந்தால் முதலில் ஒரு வக்கீலிடம் காட்டிக் கேட்டுவிடு.

பத்துப் பேர்

மைக், வண்டி, பேனர் பற்றியெல்லாம் பிறகு பேசலாம். முதல் வேலை பத்துப் பேரைத் தேடுவது. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒரே ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும், பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளராக இருக்க வேண்டும். உன் உயிர்த்தோழி சூலூரில் குடியிருந்தால் உன் கோவைத் தொகுதியில் அவள் கையெழுத்து செல்லாது.

இந்தப் பத்துக்கும் நம் கொங்கு மண்ணுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1996 தேர்தலில் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சியில் 1,033 பேர் களத்தில் நின்றார்கள். விவசாயிகளின் குறையைக் கேட்க ஆளில்லை என்று வயிறெரிந்து, ஆளாளுக்கு மனுவைப் போட்டுவிட்டார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டி வந்து வாக்குப்பதிவே தள்ளிப்போனது. அப்போது சட்டமன்றத்துக்கு டெபாசிட் 250 ரூபாய். முன்மொழிய ஒருவர் போதும். அதே வருடம் அப்போதைய ஆந்திராவின் நல்கொண்டாவில் நாடாளுமன்றத்துக்கு 480 பேர் நின்றார்கள். இதையெல்லாம் பார்த்த பிறகுதான் 1996-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். டெபாசிட் 5,000 ஆனது, சுயேச்சைக்குப் பத்துப் பேர் என்று விதி வந்தது. 2010 முதல் டெபாசிட் 10,000. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி.

அந்த விவசாயிகள் செய்ததை நான் தப்பென்று சொல்லமாட்டேன். மாநிலமே திரும்பிப் பார்த்தது. ஆனால் ஆயிரம் பேர் தனித்தனியாக நின்றதால் அவர்களில் யாருக்கும் வாக்கு சேரவில்லை. கட்சி வேட்பாளரான சுப்புலட்சுமி ஜெகதீசன்தான் வென்றார். ஆயிரம் பேரும் ஒருவர் பின்னால் நின்றிருந்தால் கதை எப்படிப் போயிருக்கும் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், அந்தப் பத்துப் பேரைச் சும்மா கையெழுத்துக்காகத் தேடாதே. அவர்கள்தான் உன் கட்சி.

அக்கம்பக்கத்தில் நாலு கையெழுத்து, வண்டிக்காரர் ஒன்று, மளிகைக்கடையில் ஒன்று என்று அவசரத்தில் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு 2017 டிசம்பரில் சென்னை ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் நடந்ததைப் பார். நடிகர் விஷால் சுயேச்சையாக மனு போட்டார். முன்மொழிந்த பத்துப் பேரில் இரண்டு பேர் 'அது எங்கள் கையெழுத்து இல்லை' என்றார்கள். மனு தள்ளுபடியாகிவிட்டது. ஊரறிந்த நடிகருக்கே அந்தக் கதி. எதிர்த்தரப்பு ஆள் வீட்டுக்கு வந்து மிரட்டினாலும், 'ஆமாங்க, நான்தான் போட்டேன், என்ன இப்போ' என்று சொல்கிற ஆளாக இருக்க வேண்டும்.

ஒரே தொகுதிக்கு நாலு மனு வரைக்கும் கொடுக்கலாம், டெபாசிட் ஒரு தடவை கட்டினால் போதும். ஆகவே முடிந்தால் வேறு பத்துப் பேரை வைத்து இரண்டாவது மனுவும் போடு. ஒன்று விழுந்தாலும் இன்னொன்று நிற்கும். கைநாட்டு வைக்கிறவர் இருந்தால் அவரைத் தேர்தல் நடத்தும் அலுவலர் முன்னாலேயே கூட்டிப்போய் வைக்கச் சொல். வீட்டில் வைத்துக்கொண்டு வந்தால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஒவ்வொருவரின் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் புதுப் பட்டியலைப் பார்த்து எழுது. 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வாக்காளர் பட்டியலே புதிதாக எழுதப்பட்டது. இத்தனை வருடமாக ஓட்டுப் போட்டவர்தானே என்று பழைய சீட்டை நம்பிவிடாதே. முதலில் உன் பெயர் இருக்கிறதா பார். நம் கோவை ஆர்.எஸ்.புரத்தில் வாடகைக்கு இருந்து வீடு மாறினவர்கள் நிறைய. அவர்களை இரண்டு தடவை சரிபார்.

பிரமாணப் பத்திரம்

சாதாரணப் பெண்கள் அதிகம் திணறுவது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மனு படிவம் 2பி. அதோடு படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரத்தை நோட்டரி முன்னால் உறுதிமொழி எடுத்துக் கொடுக்க வேண்டும். உன் சொத்து, உன் கணவர் சொத்து, உன்னை நம்பியிருக்கிறவர்கள் சொத்து, கூட்டுக் குடும்பம் இருந்தால் அதன் கணக்கு, எல்லாம் அதில் வரும். கடைசி ஐந்து வருட வருமான வரிக் கணக்கு, வங்கியில் எவ்வளவு, கையில் எவ்வளவு, நகை எத்தனை பவுன், எந்தப் பூமி எந்தச் சர்வே எண்ணில், யாருக்கு எவ்வளவு கடன் என்று ஒன்றையும் விடாது. கழுத்தில் இருக்கும் தாலிக்கொடியும் நகைதான், எடை போட்டு எழுது.

கணவரின் கடன் விவரம் முழுசாகத் தெரிந்த பெண்கள் நம் வீடுகளில் குறைவு. லேத் பட்டறைக்காக வாங்கின கடன், மச்சானுக்கு ஜாமீன் போட்டது, தோட்டத்துப் பங்கு பிரிக்காமல் கிடப்பது, இதெல்லாம் மனுத் தாக்கலுக்கு முதல் நாள் ராத்திரி வெளிவந்தால் வீட்டில் ரகளைதான். இரண்டு மாதத்துக்கு முன்பே உட்கார்ந்து பேசு. பட்டா, வில்லங்கச் சான்று, நகைக்கடன் ரசீது எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடு. உங்கள் வீட்டுக் கணக்கைப் பார்க்கும் ஆடிட்டரிடமே ஒரு நாள் கேட்டு வாங்கு. தேர்தலில் நிற்கவே இல்லை என்றாலும் அந்தக் கோப்பு உனக்கு வாழ்நாள் முழுக்க உதவும்.

எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதே. வழக்கு இல்லை என்றால் 'இல்லை' என்று எழுது. உனக்குப் பொருந்தாத கேள்விக்குப் 'பொருந்தாது' என்று எழுது. கோடு போட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், கோடு பதில் ஆகாது. காலிக் கட்டம் இருந்தால் திருத்தித் தரச் சொல்லி நோட்டீஸ் கொடுப்பார்கள். பரிசீலனை தொடங்கும் நேரத்துக்குள் திருத்திய பத்திரத்தைக் கொடுக்காவிட்டால் மனு போய்விடும்.

இன்னொரு விஷயம் பெண்களுக்கு முக்கியம். இந்தப் பத்திரத்தில் உன் முகவரி, செல்போன் எண், மின்னஞ்சல், சமூக வலைத்தளக் கணக்கு எல்லாம் இருக்கும். தேர்தல் ஆணையம் அதை எல்லாரும் பார்க்கும்படி வெளியிடும். ஆகவே தேர்தலுக்கென்று புது சிம் வாங்கி அந்த எண்ணைக் கொடு. ராத்திரி பத்து மணிக்கு மேல் அந்தப் போனை உன் தேர்தல் ஏஜென்ட் கையில் கொடுத்துவிட்டுத் தூங்கு.

மனு வாங்கும் நேரம் காலை 11 முதல் மதியம் 3 வரை. அஷ்டமி, நவமி பார்ப்பது உன் விருப்பம். ஆனால் நல்ல நேரம் என்று கடைசி நாளுக்குத் தள்ளாதே. பெரிய கட்சிக்காரர்களும் அன்றைக்குத்தான் வருவார்கள், வாசலிலேயே நேரம் போய்விடும். டெபாசிட்டைப் பணமாகக் கட்டு, அல்லது கருவூலத்தில் கட்டின சலானைக் கொண்டு போ. காசோலை வாங்க மாட்டார்கள். மனு கொடுத்ததும் உறுதிமொழி எடுத்துக்கொள்ள வேண்டும். பரிசீலனை நாளுக்கு முன்பே எடுத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கையோடு எடுத்துச் சான்றும் வாங்கிக்கொண்டு வா. வாக்குச்சீட்டுக்கான புகைப்படத்தில் கறுப்புக் கண்ணாடி, தொப்பி கூடாது. வெள்ளைப் பின்னணியில், நீ வீடு வீடாகப் போகும்போது எப்படி இருப்பாயோ அப்படியே எடு. பட்டுச்சேலையில் எடுத்துவிட்டுக் காட்டன் சேலையில் போய் நின்றால் பாட்டிமார்களுக்கு அடையாளம் தெரியாது.

எதைப் பேசுவது

ஆர்.எஸ்.புரத்தில் எந்தத் தெருவுக்குப் போனாலும் குப்பை, சாக்கடை, தெருநாய் என்றுதான் முதலில் சொல்வார்கள். கேட்டுக்கொள், குறித்துக்கொள். ஆனால் அது மாநகராட்சியின் வேலை, அதற்கு நூறு கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். எம்.எல்.ஏ.வின் இடம் சட்டசபை. அங்கே சட்டம் போடுவார்கள், பட்ஜெட்டை விவாதிப்பார்கள், மந்திரியை எழுப்பிக் கேள்வி கேட்பார்கள். தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 3 கோடி ரூபாய் உண்டு. அதை எதற்குச் செலவழிப்பாய் என்று தெளிவாகச் சொல்ல முடிந்தால் கேட்கிறவர் உட்கார்ந்து கேட்பார்.

மூன்று விஷயத்துக்கு மேல் எடுக்காதே. நம் ஊருக்குச் சட்டசபையில் பேச வேண்டியது எது என்று பார். 2022-ல் மின்கட்டணம் ஏறினதிலிருந்து சின்னப் பட்டறைக்காரர்கள் நிலைக்கட்டணத்தையும் உச்சநேரக் கட்டணத்தையும் பற்றிப் புலம்பிக்கொண்டிருக்கிறார்கள். கணபதியில் ஜாப் ஆர்டர் எடுத்துப் பண்ணுகிறவர், வெட் கிரைண்டர் கல் கொத்துகிறவர், அவர்களிடம் போய் மின் பில்லை வாங்கிப் பார். ஒரு பில்லை வரிவரியாகப் படிக்கத் தெரிந்துகொண்டால், மேடையில் மணிக்கணக்காகப் பேசுகிறவரைவிட உன் பேச்சுக்கு மதிப்பு வரும். நொய்யல், வெள்ளலூர் குப்பைக்கிடங்கு, பெண்களுக்கு ராத்திரி பஸ் என்று எதுவாகவும் இருக்கட்டும். கோப்பு எந்தத் துறையில் நிற்கிறது, யாரைக் கேட்க வேண்டும் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சின்னமும் வீடு வீடாகப் போவதும்

அறிவிக்கை வந்ததும் ஏழு நாள் மனுத் தாக்கல், அடுத்த நாள் பரிசீலனை, அதற்கு இரண்டு நாள் கழித்து வாபஸ் முடியும். அதன்பிறகுதான் சுயேச்சைகளுக்குச் சின்னம். அங்கிருந்து வாக்குப்பதிவுக்கு உனக்குக் கிடைப்பது ஏறக்குறைய இரண்டு வாரம். சின்னத்தைப் போட்டு முன்கூட்டியே நோட்டீஸ் அச்சடித்தால் காசு வீண். மனுவில் மூன்று சின்னம் வரிசையாகக் கேட்கலாம். வேறு ஒருவரும் அதையே கேட்டால் குலுக்கல்தான். கறுப்பு வெள்ளையில் சின்னதாக அச்சிட்டாலும் பளிச்சென்று தெரிகிற பொருளாகக் கேள். ஒரே வார்த்தையில் சொல்கிற மாதிரி, வீட்டில் புழங்குகிற பொருளாக இருக்கட்டும்.

நோட்டீஸில் அச்சகத்தின் பெயர், முகவரி, வெளியிடுகிறவர் பெயர், முகவரி கட்டாயம். மறந்தால் வழக்கு. கோயில், மசூதி, சர்ச் எதிலும் வாக்குக் கேட்காதே. தேருக்கு வந்த கூட்டம் என்றாலும் கேட்காதே. கும்பிட்டுவிட்டு வா, அவ்வளவுதான்.

விடியற்காலையில் உழவர் சந்தைக்கும் மேட்டுப்பாளையம் ரோட்டுப் பூ மார்க்கெட்டுக்கும் போ. அங்கே நின்று பேச யாருக்கும் நேரம் இருக்காது, உன் முகம் பதிந்தால் போதும். வீடுகளுக்குக் காலை பத்தரைக்கு மேல் போ. சமையல் முடிந்து, குழந்தைகள் பள்ளிக்குப் போய், வீட்டம்மா ஒரு டம்ளர் காபியோடு உட்காரும் நேரம் அது. வீட்டு வேலைக்கு வருகிறவர்களைச் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில்தான் பிடிக்க முடியும். அவர்களை யாரும் தனியாகப் போய்ப் பார்ப்பதில்லை, நீ பார். டி.பி. ரோட்டுக் கடைகளுக்கு மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் போனால் முதலாளியும் பேசுவார், விற்பனைப் பெண்களும் பேசுவார்கள்.

அபார்ட்மென்டுகளில் வாட்ச்மேன் உள்ளே விடமாட்டார். அவரிடம் சண்டை போடாதே, அது அவர் பிழைப்பு. சங்கச் செயலாளருக்கு முன்பே போன் பண்ணி, ஞாயிற்றுக்கிழமை பொழுதோடு அரை மணி நேரம் கீழே கூட்டம் போட அனுமதி கேள். ஆர்.எஸ்.புரத்தில் குஜராத்தி, மார்வாடிக் குடும்பங்கள் பல தலைமுறையாக இருக்கின்றன. தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசும் வீடுகளும் அதிகம். அவர்கள் எல்லாருக்கும் தமிழ் தெரியும். இருந்தாலும் உன் பத்துப் பேரில் அந்த வீட்டுப் பெண் ஒருத்தி இருந்தால் கதவு சீக்கிரம் திறக்கும். தனியாக எந்த வீட்டுக்குள்ளும் போகாதே. இரண்டு பேராவது கூட வரட்டும். கைப்பையில் தண்ணீர், மாத்திரை, மாற்றுச் செருப்பு. ஏப்ரல் வெயிலுக்கு மோர்தான் நல்லது.

'எவ்வளவு தருவீங்க' என்று கேட்பார்கள், அம்மிணி. அதுவும் ஏழை வீட்டில் மட்டும்தான் என்று நினைக்காதே. கோபப்படாமல், 'நான் தரமாட்டேனுங்க, வாங்கினவங்ககிட்டத் திருப்பி எடுக்கவும் மாட்டேனுங்க' என்று நேராகச் சொல். 2016-ல் பணம் விளையாடியதென்று அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் தேர்தலையே ரத்து செய்து, நவம்பரில் மறுபடி நடத்தினார்கள். நம் பக்கத்து ஊர் பெயர் அப்படி நாடு முழுக்க அடிபட்டது எனக்கு இன்னும் வலிக்கிறது.

கணக்கு

மனு கொடுப்பதற்கு ஒரு நாள் முன்பாவது தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு திற. செலவெல்லாம் அதன் வழியாகத்தான் போக வேண்டும். ஒருவருக்குத் தேர்தல் முழுக்கச் சேர்த்தே 10,000 ரூபாய்க்கு மேல் பணமாகக் கொடுக்கக்கூடாது. உச்சவரம்பு தமிழ்நாட்டில் சட்டமன்றத்துக்கு 40 லட்சம். நீ அதன் பக்கத்தில்கூடப் போகமாட்டாய். ஆனால் உன் கணக்கையும் அவர்கள் அதே கண்ணோடுதான் பார்ப்பார்கள். வெள்ளைத் தாளில் தினச் செலவு, இளஞ்சிவப்பில் ரொக்கம், மஞ்சளில் வங்கி என்று மூன்று பகுதியாக ஒரு பதிவேடு தருவார்கள். பிரச்சார காலத்தில் மூன்று தடவை அதைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். டீ, நாற்காலி, மாலை எல்லாவற்றுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் விலைப்பட்டியல் உண்டு. பக்கத்து வீட்டு அண்ணன் சும்மா கொடுத்த நாற்காலிக்கும் அந்த விலை ஏறும். நகைச்சீட்டுக் கணக்கை ஒரு ரூபாய் பிசகாமல் எழுதுகிற ஆள் உன் பத்துப் பேரில் இருந்தால், இந்தப் பொறுப்பை அவரிடம் விடு.

தேர்தல் நேரத்தில் கையில் 50,000 ரூபாய்க்கு மேல் கொண்டு போகிறவர் ஆவணம் வைத்திருக்க வேண்டும். வீட்டில் கல்யாணம், ஆஸ்பத்திரி என்று ஏதாவது இருந்தாலும் அந்த நாட்களில் கவனமாக இரு.

வாக்குப்பதிவு அன்று

ஆசிரியையாக இருந்த காலத்தில் தேர்தல் டூட்டிக்குப் போனவள் நான். சுயேச்சையின் ஏஜென்ட் நாற்காலி பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். எல்லாச் சாவடிக்கும் உன்னால் ஆள் போட முடியாது. சுமார் 1,200 வாக்காளருக்கு ஒரு சாவடி என்றால் ஒரு தொகுதியில் இருநூறுக்கு மேல் வரும். நீ நன்றாக வேலை செய்த பகுதிகளைத் தேர்ந்தெடு. படிவம் 10-ல் ஆள் போடு. அங்கேயும் அந்தப் பத்துப் பேர்தான், கூடவே அவர்கள் அழைத்து வந்த தங்கை, மருமகள், பக்கத்து வீட்டுக்காரர். வாக்குப்பதிவு தொடங்க ஒன்றரை மணி நேரம் முன்பே மாதிரி வாக்குப்பதிவு நடக்கும், குறைந்தது 50 வாக்கு போட்டுப் பார்ப்பார்கள். உன் சின்னத்துக்கு நேரே பொத்தானை அழுத்தி, எந்தச் சின்னத்துக்கு வாக்கு விழுந்தது என்று காட்டும் விவிபேட் சீட்டைப் பார்க்கச் சொல். பிறகு எண்ணிக்கையைத் துடைத்துப் பூஜ்யம் காட்டினார்களா என்றும் பார்க்கச் சொல். சாயங்காலம் முடிந்ததும், பதிவான வாக்குகளின் கணக்கு இருக்கும் படிவம் 17சி நகலைக் கையெழுத்துப் போட்டு வாங்காமல் ஏஜென்ட் எழுந்து வரக்கூடாது. எண்ணும் அன்று அந்தத் தாள்தான் உன் கையில் இருக்கும் ஆதாரம். 2021-ல் கோவை மாவட்டத்துக்கு எண்ணியது தடாகம் ரோடு ஜி.சி.டி. கல்லூரியில். உள்ளே போன் அனுமதி இல்லை. பேனாவும் அந்தத் தாள்களும் போதும்.

ஜெயிப்பாயா என்று கேட்டால், 2011, 2016, 2021 மூன்று பொதுத்தேர்தலிலும் தமிழ்நாட்டில் ஒரு சுயேச்சையும் ஜெயிக்கவில்லை என்பதுதான் உண்மை. டெபாசிட் திரும்ப வர, பதிவான செல்லும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வேண்டும். ஒன்றரை லட்சம் பதிவானால் 25,000-க்கு மேல். அதனால் அந்தப் பத்தாயிரத்தைச் செலவு என்றே எழுதி வை, கடன் வாங்கிக் கட்டாதே. ஆனால் சில நூறு வாக்குக்கு எடை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே. 2021-ல் கோவை தெற்கில் வானதி சீனிவாசன் கமல்ஹாசனை வென்றது 1,728 வாக்கில். மொடக்குறிச்சியில் அதே சுப்புலட்சுமி ஜெகதீசன் தோற்றது 281 வாக்கில். உனக்கு ஐந்நூறு பேர் ஓட்டுப் போட்டால், ஜெயித்தவரும் தோற்றவரும் அந்த ஐந்நூறு வீடு எங்கே இருக்கிறது என்று தேடுவார்கள். நீ பேசின மூன்று விஷயத்தையும் அப்போது எடுத்துக்கொண்டு அவர்களிடம் போகலாம்.

முடிவு வந்த 30 நாளுக்குள் முழுக் கணக்கையும் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கொடுத்துவிடு. தோற்றோமே, இனி எதற்கு என்று விட்டுவிட்டால் மூன்று வருடம் எந்தத் தேர்தலிலும் நிற்க முடியாதபடி தகுதிநீக்கம் செய்வார்கள். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் இருக்கிறது, அந்த வாய்ப்பையும் சேர்த்து இழப்பாய். கணக்கைக் கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்கி, அந்தப் பழைய கோப்பிலேயே வை. பத்துப் பேரின் புதுப் பாகம் எண்ணையும் அதிலேயே எழுதி வை.